கரிசலுக்கு அடியில் ஒரு மலைத்தொடர்! தெரியுமா?

குமாரலிங்கபுரத்துக் கரிசல் காட்டில் நின்று நாலு திக்கும் பாருங்கள். கருவேலம், கண்மாய்க் கரை, பருத்தி மார்... கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரை. நீங்கள் நிற்பது ஒரு பெரும் மலைத்தொடரின் வேர் மேல் என்பது தெரியுமா?

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் முட்டிமோதி, கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டின. மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் அப்போது நமக்குப் பக்கத்து வீடு! அந்த நெருக்கலில் மதுரை வட்டாரப் பாறைகள் பூமிக்குள் 25 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கின. சில இடங்களில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்தன. மேலே எழும்பிய மலையை மழையும் ஆறும் அரித்துத் தீர்த்தபின் அடிப்பாறை வெளியே வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் போர்வெல் போடும்போது பறக்கும் பாறைத்தூள் அதுதான்.

சரி, கரிசல்? மகாராஷ்டிரக் கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை மூடிய குழம்பு அது. பள்ளிப் பாட ஞாபகத்தில் நம்மூர் மண்ணையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அந்தக் குழம்பு இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை! இங்கே கரிசலைப் பெற்றது அந்த வெந்த பழம்பாறை. மழை குறைந்த சீமையில், தண்ணீர் வடியாத சமதரையில் அது மக்கி, நனைந்தால் உப்பும் களியானது. கோடையில் வெடிப்பு விடும், மேல்மண் அதற்குள் சரியும், மழை விழுந்ததும் உப்பிப் புரளும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்! இதே மண்ணில் வீடு கட்டியவரைக் கேட்டால், சுவர்க் கீறலைக் காட்டி வேறு கதை சொல்வார்.

பந்தல்குடியில் சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடிச் சேறு! சிப்பி தேடாதீர்கள், எல்லாம் வெந்து பளிங்காகிவிட்டது. 8,848 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியிலும் கடல் சுண்ணாம்புக்கல்தான் இருக்கிறது. இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கி 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த மோதலில் பிறந்த மலை இன்னும் எழும்புகிறது. நம் மலை கரைந்தே போயிற்று. ஒரே துணைக்கண்டத்தில் ஒன்று பிஞ்சு, ஒன்று பழம்!

நம் சீமையை மழை ஏன் ஏய்க்கிறது தெரியுமா? சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிய்த்துக்கொண்டு போனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தொடக்கத்தை ஆய்வாளர்கள் அந்தப் பிளவோடு சேர்த்தே பேசுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் மழையைக் கொட்டிவிட்டு, திருச்சுழிக்கு வெறுங்கையோடு வருகிறது. பிறகு ஐப்பசியை நம்பித்தான் விதைப்பு. மழை குறைவென்றால் மண்ணிலுள்ள சுண்ணாம்பு கழுவிப் போகாது; தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கட்டிகட்டியாக உறையும். அதுதான் சுக்கான். கிணறு வெட்டும்போது கடப்பாரை சுக்கானில் பட்டு ‘ணங்’ என்றால், தாராளமாக மடகாஸ்கரைத் திட்டலாம்!