விதை முளைக்காவிட்டால் கைராசியைப் பழிக்காதீர்கள்

நீல ரோஜா, வானவில் நிறத்தில் பட்டை உரியும் மரம், ஜப்பான் மேப்பிள், சகுரா. கைப்பேசியைத் திறந்தால் இப்படி ஏதாவது ஒரு விதைப் பாக்கெட் விளம்பரம் கண்ணில் படுகிறது. இருநூறு ரூபாய்தானே என்று வாங்கி, கோகோபீட்டில் ஊன்றி, ஒரு மாதம் தண்ணீர் தெளிக்கிறோம். ஒன்று, எதுவும் முளைப்பதில்லை. இல்லையென்றால் ஏதோ ஒரு கீரை எட்டிப் பார்க்கிறது. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியை ஓரமாக வைத்துவிடுகிறோம். ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. குறை கைராசியிலா, விதையிலா, விற்றவரிடமா என்று பிரித்துப் பார்க்க நாம்தான் பழக வேண்டும்.

நீல ரோஜாவையே எடுத்துக்கொள்வோம். நீலத்துக்கு வேண்டிய நிறமி ரோஜாவில் இயற்கையாக உருவாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தின் மூலம் உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவும் வெளிர் ஊதாவாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, பெயர் பெற்ற ரோஜா ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக் கட்டியே பெருக்கப்படுகின்றன. விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போல இருக்காது. ஆகவே பாக்கெட்டில் வரும் 'நீல ரோஜா விதை' பொய்தான்.

வானவில் மரம் அப்படியல்ல. அது உண்மையிலேயே இருக்கிறது. யூகலிப்டஸ் டெக்லுப்டா என்பது அதன் பெயர். பப்புவா நியூகினி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் ஈரக்காடுகளுக்குச் சொந்தமானது. அதன் விதை தூள் போல இருக்கும். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேடத்தான் வேண்டும். பட்டாணி அளவில் பத்து விதை வந்திருந்தால், பாக்கெட்டைப் பிரித்த அந்த நிமிடமே அது வேறு மரம் என்று முடிவு செய்துவிடலாம். பெரும்பாலும் படங்களிலும் நிறத்தைக் கூட்டியிருப்பார்கள்.

மேப்பிள், சகுரா விதைகள் நிஜமாகவே இருந்தாலும், ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைத்தாலும் மதுரை வெயிலில் அந்த மரம் நிலைக்காது. இதைத் தெரிந்தே சொல்லாமல் விற்பது சாதாரணத் தவறல்ல. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே சொல்கிறது. அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. செம்மயிற்கொன்றை, பெருக்கமரம் போன்றவற்றின் விதைத்தோல் கல் போன்றது. அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க வெந்நீரில் போட்டு வைத்தால் காலையில் விதை உப்பியிருக்கும். உண்மையான அசோக மரத்தின் விதை இதற்கு நேர் எதிர். பறித்த சூட்டில் ஊன்றாவிட்டால் சீக்கிரமே உயிர் போய்விடும். இப்படிப் பக்குவம் செய்தும் முளைக்காதபோதுதான் புகாருக்கு வலு கிடைக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எனக்கு இருக்கும் கவலை வேறு. அழகுக்காக வளர்க்கும் பொன்னரளியின் விதை இதயத்தையே பாதிக்கும். காட்டாமணக்கின் கொட்டையைத் தின்ற பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! அடீனியத்தின் பாலும் நஞ்சுதான். சாயம் பூசிய விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கலாம். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் விதையையும் பாக்கெட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் விதைக்கு வேறு சட்டம். தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003-இன்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2020-இல் பல நாடுகளில் யாரும் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் வீடுகளுக்கு வந்தபோது, நம் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. அப்படி வந்தால் ஊன்றவும் வேண்டாம், குப்பையில் கொட்டவும் வேண்டாம். உறையோடு வேளாண் துறையிடம் ஒப்படையுங்கள். அழகுக்கு வந்த செடி காட்டை விழுங்கிய கதை நமக்குப் புதிதல்ல. உண்ணிச்செடி அப்படித்தான் வந்தது. மஞ்சள் பூவுக்காக நட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸை முதுமலையில் இன்று வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மலையோரம் வீடிருப்பவர்கள் புது மரம் எதையும் வனத்துறையிடம் கேட்காமல் ஊன்ற வேண்டாம்.

இனி, ஏமாந்தால் என்ன செய்வது? விதைச் சட்டம், 1966 அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்குத்தான் குறைந்தபட்ச முளைப்புத்திறனை நிர்ணயிக்கிறது. அபூர்வ அழகு மரங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் சட்டம்தான். பாக்கெட் பிரிப்பதைக் காணொளி எடுங்கள், விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு செய்யுங்கள், ரசீதை வைத்திருங்கள், பாதி விதையை ஊன்றாமல் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஊன்றிவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றது. முழு விதையையும் விதைத்துவிட்டவரிடம் மாதிரி கேட்பது நியாயமல்ல என்றும் ஏற்றுக்கொண்டது.

இணையத்தில் விற்கும் நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கையே மூடிவிட்டு ஓடியவர் என்றால் 1930, சைபர் குற்றப் புகார் எண். அதற்கும் மேலே போக வேண்டுமானால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.