உங்களுக்குத் தெரியுமா? ‘ஷோ’ என்றால் பார்த்தல்!
காட்டுதலைக் குறிக்கும் ‘ஷோ’ என்ற ஆங்கில வினைச்சொல், பழைய ஆங்கிலத்தில் பார்த்தல், உற்று நோக்குதல் என்னும் பொருளிலேயே வழங்கியது. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டையொட்டியே பார்க்கச் செய்தல் என்னும் பிறவினைப் பொருளுக்கு அது மாறியது. அதன் ஜெர்மானிய உறவுச் சொல்லான ‘ஷாவன்’ இன்றும் பார்த்தலையே குறிக்கிறது. இதனினும் வியப்புக்குரியது, குப்பை பொறுக்குபவரைச் சுட்டும் ‘ஸ்கேவஞ்சர்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதாகும். இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர் விற்பனைக்குக் காட்டிய சரக்கின்மீது ‘ஸ்கேவேஜ்’ என்னும் சுங்கவரி விதிக்கப்பட்டது. அதைத் தண்டிய அதிகாரி ‘ஸ்கேவேஜர்’ எனப்பட்டார். பின்னர்த் தெருத் துப்புரவைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேரவே, அதிகாரம் மறைந்து குப்பை மட்டும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘ஸ்கேவஞ்சர்’ என்பதன் நடுவிலுள்ள ‘ஞ்’ என்னும் மெல்லொலி, ‘மெசஞ்சர்’, ‘பாசஞ்சர்’ ஆகியவற்றில் போலவே, பிற்காலத்தில் புகுந்ததாகும்.