கொதிக்கும் பாத்திரத்தில் கரன்ட்

சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வரியில்லாமல் பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்தில், அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். இன்று அங்கே பலருக்கு அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்புச் சாற்றில் ஹாப் பூவைப் போட்டு, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுவார்கள். மூடிய கராஜுக்குள் கேஸ் அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதனால் பலர் மின்சார ஹீட்டருக்கு மாறிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். ஆனால் அந்தப் பாத்திரத்தில் இருக்கும் காயிலும் நம் குளியலறை கெய்சரில் இருக்கும் காயிலும் ஒரே வகைதான். ஆபத்தும் அதேதான், பாதுகாப்பும் அதேதான்.

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2.2 யூனிட் மின்சாரம் வேண்டும். அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 1,500 வாட் ஹீட்டரைச் செருகினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால்தான் 240 வோல்ட்டில் ஓடும் 5,500 வாட் காயிலைத் தேடுகிறார்கள்; 25 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்கு அந்தக் காயில் இழுப்பது 23 ஆம்பியர்.

காயிலை வெட்டிப் பார்த்தால் நடுவில் நிக்ரோம் கம்பி, வெளியே உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையே இறுக்கமாக அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். இந்தத் தூள் சூட்டைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். குழாயில் விரிசல் விட்டாலோ, முனையின் சீல் கெட்டாலோ கரன்ட் கசிந்து பாத்திரத்துக்கு வந்துவிடும்.

‘எம்.சி.பி. இருக்கிறதே, பயமில்லை’ என்று நினைப்பவர்கள் அதிகம். எம்.சி.பி. என்ற சர்க்யூட் பிரேக்கர் காப்பது ஒயரை, ஆளை அல்ல. இந்த ஹீட்டருக்கு அங்கே போடுவது 30 ஆம்பியர் பிரேக்கர். ஈரக் கையோடு பாத்திரத்தைத் தொட்டவர் உடலில் பாயக்கூடியது 0.1 ஆம்பியர் அளவுதான். ஒருவர் உயிரைப் பறிக்க அது போதும். பிரேக்கருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை.

எனவே முதல் காவல் எர்த். பாத்திரத்தின் உலோக உடலும், காயிலின் பின்முனையை மூடும் உலோகப் பெட்டியும் எர்த் ஒயரோடு இறுக்கமாக இணைந்திருக்க வேண்டும். ஃபேஸ் ஒயர் பாத்திரத்தில் பட்டால் பெருங்கரன்ட் எர்த் வழியே பாய்ந்து, பிரேக்கர் உடனே விழும்.

ஆனால் எர்த் ஒயரே அறுந்திருந்தால்? அதற்குத்தான் இரண்டாவது காவல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், மின்சாரம் பிடித்துக்கொண்டால் கையை விடுவிக்க முடியாமல் போவது எந்த அளவு கரன்ட்டில் என்று ஆராய்ந்தவர். 1961-ல் அவர் உருவாக்கிய கருவி, காயிலுக்குப் போகும் கரன்ட்டும் திரும்பி வரும் கரன்ட்டும் சமமா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். திரும்பி வருவது 5 மில்லியாம்பியர் குறைந்தாலே கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். நம் வீடுகளில் 30 மில்லியாம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. செய்வதும் இதே வேலைதான்.

மூன்றாவது, சுவிட்ச். அமெரிக்காவின் 240 வோல்ட் இணைப்பில் இரண்டு ஒயருமே ஃபேஸ்தான். ஒன்றை மட்டும் துண்டித்தால் சூடு நிற்கும். காயிலில் 120 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கட்டாயம். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தப் போடும் சாலிட் ஸ்டேட் ரிலேயை நம்பிக் கையை விடவே கூடாது. பழுதானால் அது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

நான்காவது, ஸ்க்ரூ. லூசான ஒரு முனையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 23 ஆம்பியரில் அந்த ஓரிடத்தில் மட்டும் 53 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்ன் சூடாவதும் ஏறத்தாழ இந்த அளவு வாட்டில்தான். பிளாஸ்டிக் உருகும், ஒயரின் மேலுறை கருகும், தீப்பிடிக்கும். இதை எம்.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது.

இந்த நான்கில் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. எர்த் இருக்கிறதென்று ஆர்.சி.சி.பி.யை விடுவதும், ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று எர்த்தை விடுவதும் ஒரே தவறு.

பக்கெட் தண்ணீரில் ராடு போட்டுக் குளிப்பவர்கள் இன்னும் நிறைய. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வையுங்கள். கெய்சரில் கை வைத்தால் சுருக்கென்றாலோ, பிளக் சூடேறினாலோ, எலெக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை அதைத் தொடாதீர்கள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால், அடுத்த மின்வேலைச் செலவு அதற்காகவே இருக்கட்டும்.