புரோமினின் முதல் பெயர்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டி நிறுத்திய உவர்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படியும். அதன் பிறகே உப்பு விளையும். உப்பை வாரிய பின் பாத்தியில் கொஞ்சம் நீர் மிஞ்சும். மக்னீசியம் உப்புகள் மிகுந்த அந்த நீர் நாக்கில் பட்டால் கசக்கும். அதையும் சேர்த்துக் காயவிட்டால் உப்பின் தரம் கெட்டுவிடும் என்பதால் வடித்துவிடுவது வழக்கம். அதற்குள் புரோமின் இருக்கிறது.

கடல்நீரில் புரோமின் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம்தான். ஆனால் சோடியம் குளோரைடு படிகமாகி இறங்கும்போது, புரோமினின் உப்பு வடிவமான புரோமைடு நீரிலேயே தங்கிவிடுகிறது. அதனால் கசப்பு நீரில் அதன் செறிவு பல மடங்கு கூடுகிறது.

பிரான்சின் தென்கரையில், மோன்பெலியே நகரில், அந்துவான் பலார் என்ற இளைஞர் இதே போன்ற உப்பள நீரில் குளோரினைச் சேர்த்தார். நீர் நிறம் மாறியது. அதிலிருந்து கருஞ்சிவப்பான திரவம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். தண்ணீரைவிட மூன்று மடங்கு கனம். புட்டியைத் திறந்தாலே செம்பழுப்பு ஆவி கிளம்பி மூச்சை அடைக்கும். 1826இல் அதைப் புதிய தனிமம் என்று அறிவித்தபோது அவருக்கு வயது 23. பெரும் வேதியியலாளரான லீபிக்கிடம் இந்தத் திரவம் முன்பே வந்திருந்தது. அவர் அயோடின் குளோரைடு என்று எண்ணி எடுத்து வைத்துவிட்டார்.

பலார் சூட்டிய பெயர் 'மியூரைடு'. லத்தீனில் 'முரியா' என்றால் உவர்நீர். பாரிஸ் அறிவியல் கழகம் ஆய்வுக்கு அமர்த்திய வோக்லான், தெனார், கே-லுசாக் மூவரும் இதை ஏற்கவில்லை. கிரேக்கத்தில் துர்நாற்றத்தைக் குறிக்கும் 'புரோமோஸ்' என்ற சொல்லிலிருந்து 'புரோம்' என்று மாற்றினார்கள். ஆங்கிலத்தில் அது புரோமின் ஆயிற்று. குளோரினுக்குப் பச்சை நிறத்தால் பெயர், அயோடினுக்கு ஊதா நிறத்தால் பெயர். தனிம வரிசையில் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இதற்கு மட்டும் நாற்றம்! முகர்ந்தவர்களுக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். ஆனாலும் பிறந்த இடத்தைச் சொன்ன பலாரின் பெயரே எனக்கு நியாயமாகப் படுகிறது.

'முரியா' முற்றாக மறைந்துவிடவில்லை. நம் உழவர்கள் உரக்கடையில் கேட்டு வாங்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் இருப்பது அதே சொல்தான்.

இந்தியாவில் புரோமின் உற்பத்தி பெரும்பாலும் குஜராத்தில், கட்ச் பகுதியின் உவர்நீரிலிருந்து நடக்கிறது. தீத்தடுப்புப் பொருள்களுக்கும் மருந்துத் தயாரிப்புக்கும் அது போகிறது. பிரித்தெடுக்கும் அடிப்படை இன்றும் மாறவில்லை: குளோரினைச் செலுத்தினால் புரோமைடு புரோமினாக விடுபடும்.