கொட்டிலில் நின்ற ஏ 40 – 6
தாங்கிக்குள் கிடந்த பழைய பெற்றோல்

ரயர்களுக்குக் காற்றடித்து, பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ 40 சோமசெற்றைக் கொட்டிலில் இருந்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வெயிலில் கார் நின்றதும் சுற்றி நின்ற எல்லாருக்கும் ஒரே ஆசைதான். ‘ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பமே?’ மெக்கானிக் அண்ணை கையை நீட்டித் தடுத்தார். ‘முதல்ல தாங்கி மூடியத் திறந்து மணந்து பாருங்கோ தம்பி.’

மணந்தேன். பெற்றோல் மணம் இல்லை. கதவுக்கு வார்னிஷ் பூசிய வீட்டுக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த நெடி.

இந்தத் தாங்கிக்குள் பெற்றோல் போனது 2022இல். அந்த வருடம் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். கியூஆர் அட்டை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓடாத காரும் கார்தான். பதிவு இருந்ததால் இந்த ஏ 40க்கும் 20 லீற்றர் கிடைத்தது. ‘கிடக்கட்டும், உதவும்’ என்று வீட்டில் வாங்கி ஊற்றி வைத்தார்கள். தட்டுப்பாடு தீர்ந்தது, தாங்கியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1990 ஜூனுக்குப் பிறகு குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்குப் பெற்றோல் என்றால் என்னவென்று தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மருந்துபோல அளந்து பாவித்த சாமான். பெரியப்பா ஒரு சின்னப் போத்தலில் வைத்திருப்பார். காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்புவார். சூடு பிடித்தபின் மண்ணெண்ணெயில் ஓடும். கரும்புகை கக்கிக்கொண்டு, ஏற்றத்தில் ‘டக் டக்’ என்று இடித்துக்கொண்டு, அந்தக் கார் எத்தனை கர்ப்பிணிகளை இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது! மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல் வேண்டும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் இதைத் தாங்கின. அவை யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் ஓடியதற்கு எங்கள் மெக்கானிக்குகளின் கைக்கு எவ்வளவு பங்கோ, அந்த எஞ்சின்களின் எளிமைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு 20 லீற்றரை வெளியே எடுத்துவிட மனம் வருமா? ‘வடிச்சுப்போட்டுத் திருப்பி ஊத்தினா ஓடாதோ?’ என்று பெரியம்மா கேட்டது அதனால்தான்.

ஓடாது. பெற்றோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. மூடி போட்டிருந்தாலும் இந்தப் பழைய தாங்கிகள் மூச்சு விடும். எஞ்சினை எழுப்பும் இலேசான பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசின் காபரேற்றரின் ஊசித் துவாரங்களை அடைக்கும், வால்வுத் தண்டுகளில் ஒட்டும். சில மாதப் பெற்றோல் என்றால் துணியில் வடித்து, புதியதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்க்கலாம். சில வருடப் பெற்றோலுக்கு அந்த வழி இல்லை.

வடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிழை விட இடமில்லாத வேலை இது. அண்ணை முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். குசினி அடுப்பை நூர்க்கச் சொன்னார். கொட்டிலுக்குள் வேண்டாம், கிணற்றடிப் பக்கமும் வேண்டாம், காற்றோட்டமான முற்றம்தான் சரி என்றார். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு நிலமாக ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். ஏழெட்டு யார் தள்ளி எரிகிற நெருப்பையும் தேடிப் பிடிக்கும்.

ரியூப்பை விட்டு வாயால் உறிஞ்சுவதை நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம், சிலர் செய்தும் இருக்கிறோம். இனி யாரும் செய்யக்கூடாது. ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனாலே உயிராபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். கையால் அமத்துகிற றப்பர் பம் கடையில் கிடைக்கிறது. இந்தத் தாங்கியில் அடியிலேயே வடிக்கும் ஆணி இருந்தது. துருவுக்கு ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் மெல்லத் திருப்பினோம். பிளாஸ்ரிக் பேசின் கொண்டுவந்த என்னை அண்ணை திருப்பி அனுப்பினார். தகரக் கான்தான் வைத்தார். கானையும் தாங்கியையும் ஒரு வயரால் தொடுத்தார், ஓடும் பெற்றோலில் உண்டாகும் மின்பொறியைத் தவிர்க்க.

வெறுந்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தால் அடியில் ஒரு விரல் உயரம் தண்ணீர், அதற்கும் கீழே செம்மண் போலத் துரு. வடித்தபின் தாங்கி வெறுமையாகிவிட்டது என்று ஒட்டு வேலைக்குக் கொண்டு போகாதீர்கள். நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறுந்தாங்கிதான் வெடிக்கும்.

2002க்கு முன்பிருந்தே நிற்கும் கார் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். அதுவரை இலங்கையில் விற்ற பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயச் சேர்வை தோலாலும் உள்ளே போகும். கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

கான் நிறைந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு சொன்னான்: ‘வேலியடியில ஊத்துவம், கறையானும் சாகும்.’ எங்கள் ஊர்களில் காலங்காலமாக நடப்பதுதான் அது. அன்று நான் குரலை உயர்த்திவிட்டேன்.

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், துவாரமும் வெடிப்பும் நிறைந்த கல். மழைத்தண்ணி எப்படி இறங்குகிறதோ அப்படியே பெற்றோலும் இறங்கும். வலிகாமத்துக் கிணறுகளுக்கெல்லாம் கீழே கிடப்பது ஒரே நிலத்தடி நீர். என் வேலியடியில் ஊற்றியது என் கிணற்றோடு நிற்காது. இணுவிலுக்குப் பக்கத்துச் சுன்னாகத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தோமே. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள் போய், கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சனம் பவுசர் தண்ணிக்குக் காத்து நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்ததால் கிணறு பழையபடி ஆகிவிடவில்லை.

20 லீற்றரை அந்த அளவோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். குடாநாட்டில் கொட்டிலுக்குள் நிற்கும் பழைய கார்களையும் கராஜ்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்தக் கான் இறுக மூடி, ‘பழைய பெற்றோல்’ என்று எழுதி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி நிழலில் நிற்கிறது. கராஜ் கழிவு ஒயில் பரலுக்குள் அதைக் கலக்க அண்ணை சம்மதிக்கவில்லை. பரல் முழுவதும் தீப்பிடிக்கும் சரக்காகிவிடும். புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் இப்படியான தொழிற்சாலைக் கழிவுகளை எரிக்கிறார்கள். ஒரு கானோடு அங்கே யார் போவது? வலிகாமம் தெற்குப் பிரதேச சபை வருடத்தில் ஒரு நாளாவது பழைய பெற்றோலையும் கழிவு ஒயிலையும் சேர்த்தெடுத்து அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும். கேட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கான் இருந்தால், நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். அதுவரை அதை மண்ணில் ஊற்றாதீர்கள்.

(தொடரும்)