ஃபுட்வால்வில் பிடித்த பாசி

நாகல்கேணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு மூன்று வருஷத்துக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்களாம். இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ஆஸ்பிரினை ஐந்து நாள் நிறுத்தச் சொல்கிறாராம் பக்கத்து வீட்டுக்காரர்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்துங்கள். பல் பிடுங்கிய குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சைக் கடித்தோ தையல் போட்டோ அடக்கிவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொண்டு பல் பிடுங்கப் போக வேண்டும்.

என்னை ஆச்சரியப்படுத்துவது வேறொன்று. பல்லில் ஒட்டி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில் சில, நாம் தின்னும் சர்க்கரையிலிருந்தே பசை காய்ச்சுகின்றன. ஈறு வழியே ரத்தத்தில் இறங்கினால், இதயத்தின் பழுதான வால்விலோ செயற்கை வால்விலோ போய் அப்பிக்கொள்ளும். பம்மலில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வில் ஒருமுறை பாசி பிடித்தது. வால்வு சரியாக மூடாமல், ஏறிய தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிற்று. இதயத்திலும் அதே கதைதான், ரத்தம் பின்னோக்கி வழியும். ஃபுட்வால்வைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். இதய வால்வில் தொற்று வந்தாலோ நாலு முதல் ஆறு வாரம் ஊசி மருந்து, சிலருக்கு ஆபரேஷனும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிலையம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது 1990 டிசம்பரில். அதுபோன்ற செயற்கை வால்வு உள்ளவர்களுக்கும், ஒருமுறை வால்வில் தொற்று வந்தவர்களுக்கும், பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை கொடுப்பார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. ஸ்டென்ட் வைத்தவருக்கு இது தேவையில்லை. இந்த மருந்து யாருக்கெல்லாம் தேவை என்ற பட்டியல் முன்பு நீளம்; 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் சுருக்கிவிட்டது. காரணம், பல் தேய்க்கும்போதும் முறுக்கைக் கடிக்கும்போதும்கூடக் கிருமி ரத்தத்தில் இறங்குகிறது. என்றோ ஒருநாள் பிடுங்கும் பல்லைவிட இந்த அன்றாடக் கணக்குதான் பெரிது.

லட்சங்களைக் கொட்டி வால்வு மாற்றிக்கொண்டவர், ஈறில் ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்று விட்டுவிடுகிறார். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறார். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. வாயைத் திறக்கத்தானே போகிறோம், அதையும் சொல்லிவிட்டால் என்ன?

நாகல்கேணி அம்மா, டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுப் பல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அன்றைக்கும் வழக்கம்போல டிபனும் ஆஸ்பிரினும் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நாற்காலியிலிருந்து அவரைச் சட்டென்று எழ விடாதீர்கள், தலை சுற்றும்.