தட்டில் பச்சை, தலைக்கு வினை: தெரியுமா?

வேகாத கறியும் காய்ச்சாத பாலும் வயிற்றைக் கலக்குவதோடு விட்டுவிடும் என்றுதானே நினைக்கிறோம்? சில கிருமிகள் நேரே மண்டைக்கே ஏறுகின்றன, சில நரம்பைக் கெடுக்கின்றன!

1. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை நத்தையை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி மதுவோடு சாப்பிடுவார்கள். பெயர் 'கோய் ஹோய்'. அதிலிருக்கும் புழு எலிக்குள் போனால் மூளை வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேரும். மனிதனுக்குள் போனாலோ, பெரும்பாலும் மூளையைத் தாண்ட முடியாமல் அங்கேயே சாகும்! மண்டை பிளக்கும், சட்டை உரசினால்கூடத் தோல் எரியும். எலுமிச்சையும் மதுவும் அந்தப் புழுவை ஒன்றும் செய்யாது, தெரியுமா?

2. பன்றியின் பச்சை ரத்தத்தை உறையவைத்து, வேர்க்கடலை தூவிய வியட்நாம் பண்டம் 'தியெட் கான்'. அதன் வழியே வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா மூளையுறையை வீங்கவைக்கும். பிழைத்தவர்களில் பலருக்குக் காது நிரந்தரமாகப் போய்விடும்!

3. 1951. ஸ்லோவாகியாவின் ரோஷ்னியாவா நகரம். காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாக 600 பேருக்கு மேல் வைரஸ் தொற்று! உண்ணி கடித்தது ஆட்டை. மூளைக்காய்ச்சல் வந்ததோ ஊருக்கு!

4. நரம்பைத் தொடாமலே ஆளைச் சாய்க்கும் கிருமி கேம்பைலோபாக்டர். வேகாத கோழியிலும் காய்ச்சாத பாலிலும் வரும். அதன் மேற்பூச்சு நம் நரம்பின் மேற்பரப்பைப் போலவே இருப்பதால், உடலின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய்ச் சொந்த நரம்பையே தாக்கலாம். வயிற்றுப்போக்கு நின்று ஓரிரு வாரத்தில் கால் துவளும், தளர்ச்சி மேலேறும். அதுதான் கிலன் பாரே நோய்!

5. பச்சை நன்னீர் மீனில் வரும் நாடாப்புழு 10 மீட்டர்கூட வளரும்! குடலைவிட்டு நகராமலே பி12 வைட்டமினை உறிஞ்சிவிடும். நாளடைவில் அந்தக் குறையால் நரம்பு கெட்டு, சிலருக்குப் பாதம் மரத்துப்போகும்.

6. "நான் சுத்த சைவம், எனக்கென்ன?" என்கிறீர்களா? வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கையிலோ கீரையிலோ ஒட்டி உங்கள் வாய்க்குள் போனால் மூளையில் கட்டி, வலிப்பு! வேலூர்ப் பகுதியில் நடந்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்!

முதல் ஐந்தையும் அடுப்பே பார்த்துக்கொள்ளும்: கறியும் மீனும் உள்வரை வேகட்டும், பால் பொங்கட்டும். ஆறாவதற்குச் சோப்பும் வேண்டும்!